கோடிக்கரையும் இணைகதை மரபும்

முன்னுரை

ஒருவர் படைத்த கதையை மற்றொருவர் கைக்கொண்டு, அக்கதைமாந்தரை வேறொரு கதையின் மாந்தரோடு ஒரு களத்திற் கூட்டிப் புதுக்கதை புனையும் வழக்கம் இன்று இளைஞரிடையே பெருகி வருகின்றது. இதனை மேலைநாட்டினின்று வந்த புதுமை என்று போற்றுவார் உளர். முன்னோர் நூலைச் சிதைக்கும் விளையாட்டு என்று வெறுப்பாரும் உளர். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பது நம் துணிபு. தமிழில் இவ்வழக்கம் காப்பியக் காலந்தொட்டே நிலவி வருவது. அதற்கெனச் சில நெறிகளும் உண்டு. அவற்றைப் பின்பற்றிய கதைகள் நின்றன, பின்பற்றாதன மறைந்தன.

இக்கதைகளுக்குத் தமிழில் நிலைபெற்ற பெயரொன்று இன்மையின், இக்கட்டுரையில் இவற்றை 'இணைகதை' என வழங்குவோம். இணைகதை புனைவார்க்கு முதற்கண் எழும் வினா, 'எவ்விடத்தில், எந்நிகழ்ச்சியை வைத்து இரு கதைகளை இணைப்பது?' என்பதே. அவ்வினாவிற்கு விடை காண உதவும் ஓரிடமாகக் கோடிக்கரையைக் கொண்டு ஆராய்வாம். சிற்றூரே ஆயினும், அவ்வூரில் இராமகாதையும், அடியார் வரலாறும், இக்காலப் பெரும்புதினம் ஒன்றும் வந்து கூடியுள்ளன. அவை ஏன் அங்கு வந்து கூடின என்பதை அறிந்தால், களம் தேரும் நெறி தானே புலப்படும்.

தொல்காப்பியர் வகுத்த எல்லை

கதைக்குக் களம் தேர்வது பற்றி நம் முன்னோர் ஆழ்ந்து எண்ணியுள்ளனர். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். நிலத்தில் வாழும் உயிர்களும் தொழில்களும் கருப்பொருள். மாந்தரின் உள்ளத்து ஒழுகலாறு உரிப்பொருள். அவர் அகத்திணையியலில், திணைகள் தம்முள் மயங்குதலை விலக்கினாரல்லர். ஆயின் இருவேறு நிலங்கள் ஒருங்கு மயங்குதல் இல்லை என்று வரையறுத்தார். இவ்விதிக்கு உரையாசிரியர் பலவாறு பொருள் கூறுவர். எனினும் அதன் அடிப்படைக் கருத்துத் தெளிவானது. ஒரு நிலத்திற்குரிய ஒழுக்கம் மற்றொரு நிலத்தில் நிகழலாம். குறிஞ்சித் தலைவன் நெய்தற் கானலுக்கு வரலாம். ஆனால் வந்தவன் நிற்பது நெய்தல் நிலமே. அவன் பொருட்டு அக்கானல் மலையாகிவிடாது.

இணைகதைக்கும் இதுவே அடிப்படை என்க. இரு கதைகளின் மாந்தரும் கூடலாம். கூடும் இடம் ஒன்றாக, தன் இயல்பு மாறாததாக இருத்தல் வேண்டும். வந்தவர் இடத்திற்கேற்ப நடத்தல் வேண்டுமேயன்றி, இடம் வந்தவர்க்கேற்ப வளைதல் கூடாது.

வஞ்சியிற் கூடிய இரு காப்பியங்கள்

தமிழில் நமக்குக் கிடைத்துள்ள இணைகதைகளுள் தலையாயது மணிமேகலை. இளங்கோவடிகள் படைத்த சிலப்பதிகாரத்தில் மாதவியின் மகளாகிய மணிமேகலை சிறுமியாகவே தோன்றுகின்றாள். அவள் துறவு பூண்ட செய்தி இறுதியிற் சுருங்கக் கூறப்படுகின்றது. முதல் நூலார் விட்டுச்சென்ற அவ்விடத்திலிருந்தே சாத்தனார் தம் காப்பியத்தைத் தொடங்குகின்றார். கோவலன் கொலையுண்டதையோ, கண்ணகி மதுரையை எரித்ததையோ அவர் மாற்றவில்லை. மாற்றவேண்டிய தேவையும் அவர்க்கு நேரவில்லை.

இரு காப்பியங்களும் நேரே சந்திக்கும் இடமும் கருதத்தக்கது. மணிமேகலை வஞ்சி நகர் புக்குக் கண்ணகியின் படிமத்தைத் தொழுகின்றாள். அப்படிமம் அவளோடு பேசுகின்றது. கண்ணகி கோயில் கொண்ட வஞ்சியே முந்தைய காப்பியம் சென்று முடிந்த இடம். இறந்துபோன கண்ணகியை மீண்டும் உயிர்ப்பித்துப் புகாரின் தெருக்களில் நடமாட விட்டிருந்தால் முதல் நூலின் முடிவு பொய்யாகியிருக்கும். சாத்தனார் அது செய்யாமல், முதற்கதையின் முடிவையே தம் கதையின் சந்திப்பாக்கினார். மகள் முறையுடையாள் தாயின் கோயிலுக்குச் செல்வது இயல்பு. அதற்குக் காரணம் புனைய வேண்டுவதில்லை.

இதனால் முதல் நெறி பெறப்படுகின்றது: இரு கதையினரும் தத்தம் காரணம் பற்றி வரத்தக்க இடமே இணைகதைக்கு ஏற்ற களம்.

அல்லியும் அருச்சுனனும்

காப்பியப் புலவரேயன்றி நாட்டுப்புறக் கதைப்பாடகரும் இணைகதை புனைந்தனர். அல்லியரசாணி மாலை, பவளக்கொடி மாலை முதலியன பாரத மாந்தரைப் பாண்டிநாட்டிற்குக் கொணர்ந்தன. இவற்றின் அச்சுப் பதிப்புகள் புகழேந்திப் புலவர் பெயரைத் தாங்கி வந்தன. நளவெண்பாப் பாடிய புகழேந்தியார் இவற்றின் ஆசிரியர் அல்லர் என்பது அறிஞர் முடிவு. மதுரையை ஆண்ட அல்லி ஆடவரை வெறுத்த அரசி. அவளை அருச்சுனன் மாறுவேடம் பூண்டு வென்று மணந்தான் என்பது கதை.

பாரதத்தின் எத்தனையோ வீரருள் அருச்சுனனை இப்பாடகர் ஏன் தேர்ந்தனர்? மூல நூல் அதற்கு இடம் தந்தது. அருச்சுனன் உடன்பிறந்தாரைப் பிரிந்து தீர்த்த யாத்திரை மேற்கொண்ட காலம் பாரதத்தில் உண்டு. வில்லிபுத்தூரார் அப்பகுதியில் அவனைப் பாண்டியன் மகள் சித்திராங்கதையை மணப்பவனாகக் காட்டினார். தனியே, நெடுந்தொலைவு, கேட்பாரின்றித் திரிந்த அக்காலத்துள் மற்றுமொரு நிகழ்ச்சியைப் பொருத்துதல் எளிது. குருட்சேத்திரப் போரின் பதினெட்டு நாள்களுள் அவனை மதுரைக்குக் கொணர எப்பாடகரும் முயன்றிலர். அங்கே அவனுக்கு ஓய்வில்லை என்பதைக் கேட்போர் அனைவரும் அறிவர்.

இதனால் இரண்டாம் நெறி பெறப்படுகின்றது: மூல ஆசிரியர் சொல்லாது விட்ட இடைவெளியே இணைகதைக்குரிய நிகழ்ச்சியின் இருப்பிடம். அவர் சொல்லி முடித்ததன் மேல் ஏறி நிற்பது இணைகதை ஆகாது. அது மறுப்புக்கதை ஆகும்.

மறைக்காட்டுக் கதவம்

இனிக் கோடிக்கரைப் பகுதிக்கு வருவாம். கோடிக்கரைக்கு வடக்கே அண்மையில் உள்ளது திருமறைக்காடு எனப்படும் வேதாரணியம். அங்கே அப்பரும் சம்பந்தரும் ஒருங்கு சென்ற வரலாற்றைச் சேக்கிழார் கூறுகின்றார். மறைகள் வழிபட்டுத் திருக்காப்பிட்ட கதவம் திறவாதிருந்தது. அடியார் வேறொரு வாயில் வழியே சென்று வழிபட்டு வந்தனர். சம்பந்தர் வேண்ட, அப்பர் பதிகம் பாடிக் கதவைத் திறப்பித்தார். பின்னர்ச் சம்பந்தர் பாடக் கதவம் அடைத்துக் கொண்டது. தாம் பாடியபொழுது திறக்கத் தாழ்த்த கதவம் சம்பந்தர் முதற்பாட்டிலேயே அடைத்ததை எண்ணி அப்பர் வருந்தினார் என்பது புராணம்.

இந்நிகழ்ச்சியை நாவுக்கரசர் புராணமும் கூறுகின்றது. ஞானசம்பந்தர் புராணமும் கூறுகின்றது. இரு பெருங்கதைகள் ஒரு வாயிலில் வந்து முட்டுகின்றன. அங்கு ஒருவர் செய்வதை மற்றவர் செய்வதில்லை. ஒருவர் திறக்க, ஒருவர் அடைக்கின்றார். சந்திப்பின் முடிவில் இருவருள் ஒருவர் உள்ளத்தே ஒரு நோவு தோன்றுகின்றது. அந்நோவே கதையை மேலே திருவாய்மூருக்குச் செலுத்துகின்றது. இருவரும் ஒருவரையொருவர் புகழ்ந்து பிரிந்தனர் என்பதோடு சேக்கிழார் நிறுத்தியிருந்தால், அச்சந்திப்பு நமக்கு நினைவில் நின்றிராது.

புகழ்பெற்ற இருவரைக் கூட்டிவிட்டால் கதை தானே அமைந்துவிடும் என்று எண்ணும் இளம் எழுத்தாளர்க்கு மறைக்காட்டுக் கதவம் நல்லாசிரியன். சந்திப்பினால் யாதேனும் ஒன்று மாறவேண்டும். இருவருள் ஒருவரேனும் வந்தவாறே திரும்பிச் செல்லலாகாது. இது மூன்றாம் நெறி.

கோடியில் தனித்திருக்கும் குழகர்

மறைக்காட்டிலிருந்து அகத்தியான்பள்ளி வழியே தெற்கே சென்றால் கோடிக்கரையை அடையலாம். வடக்கிலிருந்து நேரே வரும் சோழநாட்டுக் கடற்கரை இங்கு முடிந்து மேற்கே திரும்புகின்றது. 'கோடி' என்னும் பெயர் அம்முனையைக் குறிப்பதே. இங்கிருந்து ஈழத்தின் வடகரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவே. ஒருபுறம் கடல், ஒருபுறம் உப்பங்கழியும் சேற்றுநிலமும், இடையே அடர்ந்த காடு. வெளிமான் மேயும் அக்காடு 1967 ஆம் ஆண்டு வனவிலங்குப் புகலிடம் ஆக்கப்பட்டது. குளிர்காலத்தில் பூநாரைகள் இக்கழிகளில் வந்து தங்கும். பழைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர் இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ளது. நெல்வயல் நிறைந்த மருதநிலத்தின் விளிம்பில் இத்தகைய நெய்தல் நிலம் ஒன்று அமைந்திருப்பது, அதனைக் கண்டார் உள்ளத்தில் வேறுபட்ட உணர்ச்சியை எழுப்புகின்றது.

அவ்வுணர்ச்சிக்கு முதன்முதற் சொல் தந்தவர் சுந்தரர். சேரமான் பெருமாளோடு கூடித் தலங்களை வழிபட்டு வந்த அவர், கோடிக்குழகரைக் கண்டு பாடிய பதிகம் ஏழாந் திருமுறையில் உள்ளது. கடற்காற்று வீசும் கரையில், ஆந்தையும் கூகையும் குழறும் காட்டிடையே, துணையாவார் அருகில்லாமல் இறைவன் இருக்கின்றானே என்று அவர் இரங்கிக் கேட்கின்றார். இறைவனுக்குத் துணை வேண்டுமோ என்னும் தத்துவ வினா இங்கு எழவில்லை. நண்பன் ஒருவனைக் காட்டிடைத் தனியே கண்டவர் கேட்கும் கேள்வியே எழுகின்றது. சேரமான் என்னும் உயிர்த்தோழர் உடனிருக்க, தோழமை வாய்க்கப்பெற்ற ஒருவர் தோழமையற்ற இடத்தைக் கண்டு இரங்குதல் எத்துணைப் பொருத்தமுடையது! சேரநாட்டு அரசர் வரலாறும் ஆரூர் அடியார் வரலாறும் ஒன்றாய் நடந்த பாதையில், அத்தனிமைக்கு இடமாக அமைந்தது கோடி.

இராமகாதையும் இங்கு வந்து சேர்ந்துள்ளது. காட்டினுள் உயர்ந்ததொரு மணல்மேட்டின் மீது இராமர் பாதம் எனப்படும் இடம் உள்ளது. இராமன் அங்கு நின்று இலங்கையை நோக்கினான் என்பது செவிவழிச் செய்தி. துணையைப் பிரிந்த தலைவன் கடலை நோக்கி நிற்கும் காட்சி அது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பது தொல்காப்பியம். இராமனைக் கொணர்ந்த நாட்டு மக்கள் இலக்கணம் கற்றிலர்; எனினும் இந்நிலத்திற்குரிய உரிப்பொருள் தாங்கிய இராமனையே, அயோத்தியில் முடிசூடிய இராமனையன்றி, அவர்கள் இங்குக் கொணர்ந்தனர்.

கல்கியின் கோடிக்கரை

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வெளிவந்தது. அப்புதினத்தில் கோடிக்கரை வெறும் பின்புலமாக இல்லை. வந்தியத்தேவன் ஈழத்திலுள்ள இளவரசர் அருள்மொழிவர்மரிடம் ஓலை கொண்டு செல்ல வேண்டியவன். எனவே அவன் இவ்வழியே வருகின்றான். கலங்கரை விளக்கம் காக்கும் தியாகவிடங்கரின் மகள் பூங்குழலி இவ்வூரினள். எனவே அவள் இங்கிருக்கின்றாள். அவனைத் தேடிப் பிடிக்க வருவோரும் கடல் கடக்கும் துறை இது என்றறிந்தே வருகின்றனர். கதைமாந்தர் எவரும் ஆசிரியர் விருப்பத்தால் மட்டும் இங்கு வரவில்லை. ஒவ்வொருவர்க்கும் ஒரு காரணம் உண்டு.

நிலமும் கதையில் தொழிற்படுகின்றது. சேற்று நிலத்தை அறியாத வந்தியத்தேவன் அதனுள் சிக்க, அதனை அறிந்த பூங்குழலி காக்கின்றாள். சதுப்பில் இரவில் தோன்றும் கொள்ளிவாய்ப் பேய்களையே தன் காதலர் என்று அவள் காட்டுகின்றாள். ஊமை மந்தாகினி இக்கலங்கரை விளக்கின் உச்சியிலிருந்து கடலில் வீழ்ந்த கதையும் இங்கே பொருந்துகின்றது. பூங்குழலியின் தனிமை, மந்தாகினியின் பேசாத் துயர் ஆகிய இரண்டும் சுந்தரர் கண்ட கோடியின் இயல்போடு ஒத்தன. பல நூற்றாண்டு இடைவெளியிட்டு வந்த புலவரும் புதின ஆசிரியரும் ஒரே நிலத்தினின்று ஒரே உரிப்பொருளைப் பெற்றனர் என்பது கருதத்தக்கது.

வரலாற்றுச் சான்றோடு கதையை இணைப்பதிலும் கல்கி முன்சொன்ன நெறிகளையே பின்பற்றினார். வல்லவரையர் வந்தியத்தேவர் குந்தவையாரின் கணவர் என்பதைத் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டு தெரிவிக்கின்றது. அவர் இளமையில் என்ன செய்தார் என்பதை அது தெரிவிக்கவில்லை. அவ்விடைவெளியே புதினத்தின் தலைவனுக்கு வாழ்வளித்தது. நாகைச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் வழங்கப்பட்டது முதல் இராசராசனின் 21 ஆம் ஆட்சியாண்டில்; கதை நிகழ்வதோ சுந்தர சோழர் காலத்தில். முன்பே ஒரு விகாரம் இருந்ததாகவும், கடல் பொங்கி அதனை அழித்ததாகவும் புனைந்து, பின்னாளில் வரும் கொடைக்கு ஆசிரியர் இடம் வைத்தார். சான்றினை மறுக்காமல், சான்றிற்கு முன் நின்று கதை சொல்லும் முறை இது.

இரு கதைக் காலங்களை ஒரே இடத்தில் நிறுத்தும் முறையையும் அவரிடம் காணலாம். 1941 முதல் 1943 வரை 'பார்த்திபன் கனவு' எழுதியவர், 1944 முதல் 1946 வரை அதற்கு முற்பட்ட தலைமுறையின் கதையாகிய 'சிவகாமியின் சபத'த்தை எழுதினார். அவை ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் கதைகள். பொன்னியின் செல்வனோ பத்தாம் நூற்றாண்டுக் கதை. பல்லவர் காலத்து மாந்தர் எவரும் சோழர் காலத்திற்கு வர இயலாது. ஆயினும் ஆதித்த கரிகாலன், பார்த்திபேந்திரன், மலையமான் ஆகிய மூவரும் மாமல்லபுரத்துச் சிற்பங்களிடையே நின்று உரையாடுவதாகக் கல்கி அமைத்தார். முந்தைய கதையின் களத்திற்குப் பிந்தைய கதையின் மாந்தர் வருகின்றனர். சந்திப்பவை கற்களும் நினைவுகளும். முன்னைய புதினங்களைப் படித்தார்க்கு அஃது ஓர் இணைகதை; படியாதார்க்கும் தடையில்லை.

காலம் பொருந்தாத இணைப்பு வேறு நாட்டிலும் உண்டு. உரோமப் பெருங்கவி வர்சில், ஓமரின் காப்பியத்திலிருந்து ஈனியாசு என்னும் வீரனை எடுத்து, கார்த்தேசு நகரத்து அரசி தீதோவிடம் கொண்டு சேர்த்தார். திராய் நகரின் வீழ்ச்சிக்கும் கார்த்தேசின் தோற்றத்திற்கும் மரபுவழிக் கணக்கிலேயே நூற்றாண்டுகள் இடையீடு உண்டு. உரோமும் கார்த்தேசும் பின்னாளில் பகைகொண்டதற்குக் காரணம் காட்டுவதால் அவ்விணைப்பு காவியமாக நின்றது. அத்தகைய பெரும்பயன் இல்லாதவிடத்துக் காலத்தை மயக்குதல் குற்றமேயாம்.

கல்கிக்குப் பின்

பொன்னியின் செல்வன் முடிந்தபொழுது படித்தோர் பலர் மனநிறைவு பெறவில்லை. மாந்தர் ஒவ்வொருவரும் பின்னர் என்னவாயினர் என்று வினவினர். கல்கி தம் முடிவுரையில் அவ்வினாக்கள் சிலவற்றிற்கு விடை கூறினார். 1954 டிசம்பரில் அவர் மறைந்தார். வினாக்கள் மறையவில்லை. 'அமுதசுரபி' ஆசிரியராக நெடுங்காலம் விளங்கிய விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்னும் தொடர்ச்சியை எழுதினார். பின்னர் அனுசா வெங்கடேசு 'காவிரி மைந்தன்' எழுதினார். பாலகுமாரன் 'உடையார்' என்னும் பெரும்புதினத்தில் இராசராசனையும் பெருங்கோயிலையும் தமக்குரிய முறையிற் படைத்தார்; அது தொடர்ச்சியன்று, அதே வரலாற்று மாந்தரைக் கொண்ட தனிக்கதை.

நந்திபுரம் என்பது பழையாறையைச் சார்ந்தது. விக்கிரமன் கதைக்குத் தஞ்சையையோ கடம்பூரையோ பெயராக்காமல் நந்திபுரத்தைத் தேர்ந்தது கருதத்தக்கது. கொலைச்சதி நடந்து முடிந்த இடங்களை விட்டு, அரசகுடும்பத்துப் பெண்டிர் வாழ்ந்து நினைந்திருக்கும் இடத்திற்குத் தொடர்ச்சி நகர்கின்றது. முதற்கதையின் சூடு தணிந்த இடமே தொடர்கதைக்குரிய இடம். மணிமேகலை வஞ்சிக்குச் சென்றதும் இவ்வகையே.

எழுதத்தக்க ஒரு கதை

நெறி கூறி நிறுத்தாது, எடுத்துக்காட்டு ஒன்றும் கூறுவாம். கோடிக்கரையைக் களமாகக் கொண்டு பூங்குழலியையும் மணிமேகலையையும் கூட்ட விரும்புவார் ஒருவர் உளர் எனக் கொள்வோம். இருவரும் மகளிர், இருவரும் அரச வாழ்வை நாடாத உள்ளத்தினராகத் தொடங்கியோர், கடல் கடந்து தீவு சென்றோர். எனினும் காலம் இடைநிற்கின்றது. பூங்குழலியின் படகில் மணிமேகலையை ஏற்றுதல் நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே மயக்குவதாகும்.

ஆயின் மணிமேகலைக் காப்பியத்தில் காலங்கடந்த மாந்தர் ஒருவர் உண்டு. அவர் மணிமேகலா தெய்வம். கடலில் உடைந்த கலத்தோரைக் காப்பது அத்தெய்வத்தின் தொழில். கோவலன் குலத்து முன்னோன் ஒருவனை அது காத்ததாகக் காப்பியம் கூறும். பூங்குழலியும் கடலில் துயருற்றோரைத் தன் படகால் மீட்பவள். அருகில் நாகையில் பௌத்த விகாரம் உள்ளது. அங்குள்ள பிக்கு ஒருவர் அக்காப்பியத்தைக் கற்றவராக இருப்பதில் வியப்பில்லை. அவர் வாயால் அத்தெய்வத்தின் கதையை அப்பெண் கேட்கலாம். கேட்டபின் ஒரு புயலிரவில், காக்க இயலாத ஒருவனைக் கடல் கொண்டபொழுது, 'தெய்வம் எங்கே?' என்று அவள் வினவலாம். இங்கே இரு கதைகளும் காரணத்தோடு கூடின, இடைவெளியில் நுழைந்தன, காலம் மயங்கவில்லை, நெய்தலுக்குரிய இரங்கல் நின்றது, கதையின் முடிவில் அவள் பழைய பூங்குழலியாக இல்லை. எழுதுவார் இதனை ஏற்கலாம். இதனினும் சிறந்ததைத் தேரலாம்.

வரலாற்றுக்கு நேரும் இடர்

இணைகதையின் சிறப்பை இதுகாறும் கூறினோம். அதனால் நேரும் இடரையும் மறைத்தல் தகாது. நல்ல இணைகதை நிலத்தில் வேரூன்றிவிடும். வேரூன்றியபின் அது கதை என்பதை மக்கள் மறப்பர்.

கடலுக்கு அப்பால் ஈழத்தின் மன்னார்ப் பகுதியில் அரிப்பு என்னும் ஊர் உள்ளது. அங்கே கடற்கரையில் இடிந்து நிற்கும் ஒரு கட்டடத்தை 'அல்லிராணிக் கோட்டை' என்பர். அக்கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துக்குளிப்பை மேற்பார்வையிடும் பொருட்டு, ஆங்கில ஆளுநர் பிரெடரிக் நார்த்து எழுப்பிய மாளிகை. அதனைக் கட்டியவர் பெயரை மக்கள் மறந்தனர். கதைப்பாடகர் படைத்த அரசியின் பெயரைக் கல்லுக்கு இட்டனர். அல்லி பாரதத்தில் இல்லாதவள்; பாண்டியர் கல்வெட்டிலும் இல்லாதவள். ஆயினும் பேச்சு வழக்கில் 'அல்லி தர்பார்' நிலைத்தது. கடற்கரையில் அவளுக்கு ஒரு கோட்டையும் வாய்த்தது.

கோடிக்கரையிலும் இந்நிலை தோன்றக் காண்கின்றோம். அங்குச் சோழர் காலத்தது என்று வழங்கப்பட்ட பழைய கலங்கரை விளக்கின் எச்சம் 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையிற் சிதைந்தது. பொன்னியின் செல்வன் திரைப்படம் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தபின், பூங்குழலியின் ஊர் என்று கோடிக்கரையை நாடி வருவோர் பெருகினர். அவ்வார்வம் போற்றத்தக்கதே. ஆயினும் பூங்குழலி கல்கியின் படைப்பு. செம்பியன்மாதேவிக் கோயிற் கல்வெட்டுகள் உத்தம சோழரின் தேவியர் பலரைப் பெயர் கூறிக் குறிக்கின்றன. அவருள் பூங்குழலி இல்லை. மறுபுறம், ஆதித்த கரிகாலன் கொலை தொடர்பாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிக்கும் உடையார்குடிக் கல்வெட்டு மெய்ச்சான்று. கதையில் இரவிதாசனும் பூங்குழலியும் ஒரே தாளில் நடமாடுகின்றனர். ஒருவன் கல்லில் உள்ளான். ஒருத்தி ஏட்டில் உள்ளாள். படிப்பவர் இவ்வேற்றுமையை இழந்தால், நாளை எழுதப்படும் இணைகதை நேற்றைய புதினத்தையே வரலாறாகக் கொண்டு அதன்மேல் எழும். அதன்மேல் மற்றொன்று எழும். இறுதியிற் கல்வெட்டே பொய் கூறுவதாகத் தோன்றும்.

மற்றுமோர் இழப்பும் உண்டு. சதாசிவ பண்டாரத்தார் போன்றோர் ஊர்தோறும் உள்ள கல்வெட்டுகளை ஒப்புநோக்கிப் பிற்காலச் சோழர் வரலாற்றை வகுத்தனர். அவ்வுழைப்பினால் அறியப்பட்ட மெய்ம்மாந்தர், புனைந்த மாந்தரின் புகழொளியில் மங்கிவிடுவர். உத்தம சோழரின் மெய்யான தேவியரைப் பெயர் சொல்வார் இன்று எத்துணையர்?

இவ்விடரை நீக்கக் கதையைத் தடுத்தல் வழியன்று. கதை எழுதுவார் முகவுரையில் எது சான்று, எது முன்னோர் கற்பனை, எது தம் கற்பனை என்னும் மூன்றையும் பிரித்துரைத்தல் வேண்டும். இது நான்காம் நெறி. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டுள்ளமையின், அவற்றை எடுத்தாளச் சட்டத் தடை இல்லை. தடை நீங்கிய இடத்திற் கடமை மிகுகின்றது. முதல் ஆசிரியர் பெயரைச் சொல்வது அக்கடமையின் தொடக்கம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், இணைகதை நம் மொழிக்குப் புதிதன்று என்பதும், அதற்குரிய களம் இரு கதையினரும் காரணத்தோடு வரத்தக்க இடமாதல் வேண்டும் என்பதும், மூலநூல் விட்ட இடைவெளியிலேயே நிகழ்ச்சி அமைதல் வேண்டும் என்பதும், சந்திப்பினால் மாந்தர் மாறுதல் வேண்டும் என்பதும், சான்றும் கற்பனையும் பிரித்துக் காட்டப்படல் வேண்டும் என்பதும் பெறப்பட்டன. இவை அனைத்திற்கும் மேலாக நிலத்தின் உரிப்பொருளை அறிதல் வேண்டும். இராமனும், சுந்தரரும், பூங்குழலியும் கோடிக்கரையில் நிலைபெற்றது அவர்தம் புகழினால் அன்று. அக்கரையின் தனிமைக்கு அவர்கள் இடம் தந்தமையால்.

பெயர்களைக் கூட்டும் முன், கூட்ட நினைக்கும் இடத்திற்கு ஒருமுறை சென்று, காற்று வீசும் திசையையும் காட்டில் எழும் ஒலியையும் அறிந்து வருமாறு எழுத விழையும் மாணவர்க்குக் கூறுவோம். சுந்தரர் அவ்வாறே சென்றார், கண்டதைக் கேட்டார். துணையின்றி இருப்பது ஏன் என்று அவர் கேட்ட கேள்விக்குப் பின்வந்தோர் ஒவ்வொருவரும் ஒரு கதையை விடையாகக் கொணர்ந்தனர். குழகரின் கரையில் இன்னும் கதைகட்கு இடம் உண்டு.